ஊர்க் கணக்கும் நம் உரிமையும்

வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மிடையே நெடுநாளாக ஒரு மனப்பான்மை இருந்து வருகிறது. பிழைக்க வந்த இடத்தில் வாய் திறவாது இருப்பதே மரியாதை என்பது அது. வீட்டு வரியைத் தவறாமல் கட்டுகிறோம். தண்ணீர் வரியைக் கட்டுகிறோம். ரசீதை மடித்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துகிறோம். ஆனால் அந்தப் பணம் எந்தச் சாலைக்குப் போயிற்று, எந்தச் சாக்கடைக்குப் போயிற்று என்று கேட்பது உள்ளூர்க்காரர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்த எண்ணம் நாட்டின் சட்டத்திற்குப் பொருந்துவதன்று. நம் முன்னோர் வழக்கத்திற்கும் பொருந்துவதன்று. இதைக் குறித்தே இன்று சிறிது சிந்திப்போம்.

புனே நகரத்தின் கிழக்குப் பகுதியான கோர்படியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ரயில்வேயையும் ராணுவத்தையும் பற்றிக்கொண்டு தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் வட்டாரம் அது. சோலாப்பூர் செல்லும் ரயில் பாதையும் மிரஜ் செல்லும் பாதையும் அவ்விடத்தில் பிரிகின்றன. ரயில் கேட்டு மூடப்பட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், வேலைக்குச் செல்வோரும், ஆஸ்பத்திரிக்கு விரையும் வண்டிகளும் ஒருங்கே காத்து நின்ற அனுபவம் அங்குள்ள எவருக்கும் புதிதல்ல. மேம்பாலங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடந்து வந்திருக்கிறது. இத்தனை காலம் ஏன் ஆயிற்று, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்ற கேள்விகள் காத்து நின்றவர் ஒவ்வொருவர் மனத்திலும் எழுந்திருக்கும். அவற்றிற்கு விடை டீக்கடைப் பேச்சில் கிடைக்காது. விடை காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

கணக்குக் கேட்பது நமக்குப் பழக்கமில்லாத காரியம் என்று சொல்வதற்கில்லை. காஞ்சிபுரத்திற்கு அருகே உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய ஊர்க் குழுக்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விவரிக்கின்றன. யார் யார் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்ற பட்டியலும் அங்கே உண்டு. முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் அந்தப் பட்டியலில் இடம் பெறுகிறார். அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்படுகின்றனர். ஊர்ப் பணத்தைக் கையாண்டவன் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த மரபு நம்முடையது.

பிற நாடுகளிலும் இந்த எண்ணம் மெல்ல மெல்லச் சட்டமாயிற்று. சுவீடன் தேசம் 1766ஆம் ஆண்டிலேயே அரசாங்கத்தின் ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் செய்தது. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டு ராஜ் நாராயண் வழக்கில், பொது ஊழியர்கள் பொதுவில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் அந்த உரிமையை ஊர்ப்புறத்து ஏழைகள் கையில் கொண்டு சேர்த்தது ராஜஸ்தானத்தில் எழுந்த இயக்கமாகும். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்த அருணா ராய் அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். பஞ்சாயத்து வேலைகளில் கூலி சரியாகக் கிடைக்கவில்லை என்று தொழிலாளர்கள் முறையிட்டபோது, வருகைப் பதிவேட்டையும் பில்களையும் வவுச்சர்களையும் காட்டுமாறு அவர்கள் கேட்டனர். 1994ஆம் ஆண்டு டிசம்பரில் கோட் கிரானா என்னும் கிராமத்தில் அந்தக் காகிதங்கள் ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படிக்கப்பட்டன. பணம் எங்களுடையது, கணக்கும் எங்களுடையது என்பதே அவர்கள் எழுப்பிய முழக்கம். ஆகவே நேயர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தகவல் அறியும் உரிமை இந்நாட்டில் உள்ளூர் நிர்வாகத்தின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டதிலிருந்தே வளர்ந்தது.

தமிழ்நாடு 1997ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதலாவதாக இதற்கென ஒரு சட்டம் செய்தது. அதில் விலக்குகள் மிகுதியாக இருந்தன. மகாராஷ்டிரத்தில் அண்ணா ஹசாரே முதலியோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 2002ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பின்னர் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றைய தினமே முதல் மனு புனே நகரத்துக் காவல் நிலையம் ஒன்றில் கொடுக்கப்பட்டது என்பது புனேவாசிகளாகிய தமிழர்களும் பெருமையோடு அறிந்திருக்கத்தக்க செய்தி.

இனி, தணிக்கை ஆவணம் என்பது யாது என்று பார்ப்போம். நகர நிர்வாகம் ஒரு சாலையைப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மதிப்பீடு தயாராகிறது; பிறகு டெண்டர்; பிறகு வேலை உத்தரவு. நடந்த வேலையை அளந்து எழுதுவதற்கு அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதை வைத்து ஒப்பந்தக்காரர் பில் கொடுக்கிறார். பணம் பட்டுவாடா ஆகிறது. ரொக்கப் புத்தகத்தில் பதிவாகிறது. தணிக்கையாளர் இவை யாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். அளவுப் புத்தகத்தில் 100 மீட்டர் என்றிருந்து, பில்லில் 120 மீட்டருக்குப் பணம் கொடுத்திருந்தால் அவர் ஓர் ஆட்சேபம் எழுதுகிறார். சம்பந்தப்பட்ட இலாகா அதற்குப் பதில் அளிக்க வேண்டும். பதில் திருப்தியாயிருந்தால் ஆட்சேபம் தீர்ந்ததாகக் குறிக்கப்படும். அதிகமாகக் கொடுத்த பணம் திரும்ப வசூலிக்கப்பட்டாலும் தீரும். இரண்டும் நடவாவிட்டால் அந்த ஆட்சேபம் ஆண்டுதோறும் தீராத பட்டியலில் நின்றுகொண்டே இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தணிக்கை ஆட்சேபம் என்பது ஒரு கேள்வியே, தீர்ப்பு அன்று. ஆட்சேபம் இருக்கிறது என்ற ஒன்றைக் கொண்டே ஓர் அதிகாரியைத் திருடர் என்று தூற்றுவது முறையாகாது. அதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கேள்வியை மட்டும் கேட்டு வாங்கிவிட்டுப் பதிலை விட்டுவிடுபவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார். நேர்மையாக வேலை செய்த குமாஸ்தாவுக்கும் பொறியாளருக்கும் இந்த ஆவணங்களே சாட்சி.

கோர்படியில் கணக்குக் கேட்க விரும்பும் ஒருவர் முதலில் தெளிவு செய்துகொள்ள வேண்டியது, எந்தப் பணியை எந்த நிர்வாகம் செய்கிறது என்பது. அங்கே ஒரு பகுதி புனே மாநகராட்சியைச் சேர்ந்தது. அருகே 1817ஆம் ஆண்டில் ஏற்பட்ட புனே கன்டோன்மென்ட் இருக்கிறது. ரயில்வே நிலமும் ராணுவ நிலமும் ஊடே வருகின்றன. மாநகராட்சி 1950ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏற்பட்டது. மாநிலச் சட்டத்தின் கீழ் நடப்பது. அதற்கெனத் தலைமைத் தணிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். அவர் தம் அறிக்கையை மாநகராட்சியின் நிலைக்குழுவுக்கு அளிக்கக் கடமைப்பட்டவர். கன்டோன்மென்ட் போர்டு மத்திய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. அதன் கணக்கைப் பாதுகாப்புக் கணக்குத் துறையினர் தணிக்கை செய்கின்றனர். கன்டோன்மென்ட்களின் குடிமக்கள் பகுதிகளை அண்டை நகராட்சிகளோடு சேர்க்கும் முயற்சியும் அண்மைக் காலத்தில் நடைபெற்று வருவதால், நம் தெரு எதில் இருக்கிறது என்பதை வரி ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. தவறான அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டாலும் கவலையில்லை. உரிய அலுவலகத்திற்கு அதை 5 நாட்களுக்குள் அனுப்பிவைக்க வேண்டியது பெற்றுக்கொண்டவரின் கடமை என்று சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்லுகிறது.

நம்மவர் பலருக்கு எழும் முதல் ஐயம், நாம் கேட்கலாமா என்பது. சட்டத்தின் 3ஆம் பிரிவு, குடிமக்கள் அனைவருக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு என்கிறது. அந்த ஊரில் பிறந்தவர் என்றோ, அங்கே ரேஷன் கார்டு உடையவர் என்றோ, வாக்காளர் பட்டியலில் இருப்பவர் என்றோ அது வேறுபாடு செய்யவில்லை. திருநெல்வேலியில் பிறந்து சென்ற மாதம் புனே வந்தவருக்கும், அங்கேயே ஏழு தலைமுறை வாழ்ந்தவருக்கும் உரிமை ஒன்றுதான். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி காரணம் கேட்கவும் கூடாது. பதில் அனுப்புவதற்கு வேண்டிய முகவரியைத் தவிர வேறு சொந்த விவரம் கேட்கவும் கூடாது.

இரண்டாவது ஐயம் மொழியைப் பற்றியது. மனு ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தப் பிரதேசத்தின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆதலால் புனேயில் தமிழில் எழுதிய மனுவை ஏற்கும்படி வற்புறுத்த இயலாது. ஆனால் எழுத இயலாதவர் நேரில் சென்று வாயால் சொன்னால், அதை எழுத்தில் அமைத்துக்கொள்ளத் தகவல் அலுவலர் உதவி செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. எழுத்தறியாத மூதாட்டியும் இந்த உரிமைக்கு வெளியே நிற்பவர் அல்லர். ஆவணங்கள் இருக்கும் மொழியிலேயே நகல் கிடைக்கும். மாநகராட்சியில் அது பெரும்பாலும் மராத்தியாக இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னால் கணக்கும் விளங்கும். பிள்ளைகளுக்கும் தம் ஊரின் நடப்புத் தெரியும். லேகா பரீக்ஷண் என்றால் தணிக்கை. ஆக்ஷேப் என்றால் ஆட்சேபம். அஹவால் என்றால் அறிக்கை. அனுபாலன் அஹவால் என்றால் ஆட்சேபங்களுக்கு எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கை. ஜன் மாஹிதி அதிகாரி என்றால் பொதுத் தகவல் அலுவலர். இந்த ஐந்து சொற்களை அறிந்தவர் அலுவலக வாசலில் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

மனுவின் கட்டணம் 10 ரூபாய். மாநகராட்சிக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டிச் செலுத்தலாம்; கன்டோன்மென்ட் போர்டுக்குப் போஸ்டல் ஆர்டராக அனுப்பலாம். வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளவர்கள் அதற்குரிய சான்றைக் காட்டினால் கட்டணம் இல்லை. நகலுக்குச் சாதாரணமாகப் பக்கத்திற்கு 2 ரூபாய். மகாராஷ்டிரத்தில் 2012ஆம் ஆண்டு செய்த விதித் திருத்தத்தின்படி மாநில அலுவலகங்களுக்கான மனு ஒரே பொருளைப் பற்றியதாகவும் 150 சொற்களுக்கு மிகாததாகவும் இருக்க வேண்டும். இதை ஒரு தடையாகக் கொள்ள வேண்டியதில்லை. சுருங்கக் கேட்டால்தான் தெளிவான பதில் வரும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். ஊழல் எவ்வளவு நடந்தது, சாலை ஏன் மோசமாயிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைக் கொடுக்கத்தான் சட்டம் சொல்லுகிறதே ஒழிய, புதிதாக விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. எனவே ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். இன்ன நிதியாண்டில் இன்ன வார்டில் நடந்த சாலைப் பணிகளைப் பற்றிய தணிக்கை அறிக்கையின் நகல். அதிலுள்ள ஆட்சேபங்களுக்கு இலாகா அளித்த பதில்கள். இன்றுவரை தீராத ஆட்சேபங்களின் பட்டியல். ஆட்சேபத்தின் பேரில் திரும்ப வசூலித்த தொகையின் விவரம்: இந்த நான்கையும் கேட்டால் போதும். ஒரு பணியைப் பற்றி மட்டும் அறிய விரும்பினால் அதன் வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், கடைசிப் பில் ஆகியவற்றைக் கேட்கலாம்.

நகல் வாங்குமுன் ஆவணங்களை நேரில் பார்வையிடக் கேட்பது இன்னும் சிறந்தது. பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் சான்றிட்ட நகல் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. மத்திய அரசின் விதிப்படி முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணமில்லை. ஆயிரம் பக்கம் கொண்ட கோப்பில் நமக்கு வேண்டியவை பத்துப் பக்கங்களாக இருக்கலாம். திங்கட்கிழமைகளில் மாலை 3 மணி முதல் 5 மணி வரை குடிமக்கள் கோப்புகளைப் பார்க்க வசதி செய்யுமாறு 2018ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு உள்ளாட்சி அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இத்தகைய ஏற்பாடுகள் அதிகாரிகள் மாறும்போது மாறக்கூடியவை. முதலில் விசாரித்துக்கொண்டு செல்ல வேண்டும். ஆனால் சட்டத்தில் உள்ள பார்வையிடும் உரிமை அப்படி மாறுவதன்று.

மனுக் கொடுத்த 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். தாமதமானால் பிறகு தகவலை இலவசமாகத் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தியற்றதாக இருந்தாலோ, 30 நாட்களுக்குள் அதே நிர்வாகத்தில் உள்ள மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பயனில்லையெனில் 90 நாட்களுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. மாநகராட்சி விஷயமானால் அது மாநிலத் தகவல் ஆணையத்தின் புனே அமர்வுக்குப் போகும். கன்டோன்மென்ட் விஷயமானால் புது டில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்திற்குப் போகும். நியாயமான காரணமின்றித் தகவல் மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. ஆணையங்களில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதால் மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது. ஆகவே முதல் மனுவையே கவனமாக எழுதுவதும், ஒப்புகை வாங்கி வைப்பதும், தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வருவதும் அவசியம். சட்டமன்றத்தின் முன் வைக்கப்படாத அறிக்கை என்று சில வேளை மறுப்பு வரக்கூடும். சட்டமன்றத்தின் உரிமையை மீறும் தகவலுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பது மெய்யே. ஆனால் மாநகராட்சியின் நிலைக்குழு சட்டமன்றம் அன்று. தனிப்பட்டவர்களின் சொந்த விவரங்கள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டு மீதியைத் தரும்படி 10ஆம் பிரிவைச் சுட்டிக் கேட்கலாம்.

அச்சத்தைப் பற்றியும் பேசாதிருக்க இயலாது. புனேவுக்கு அருகில் தளேகாவ் தாபாடேயில், நில மோசடிகளை இந்தச் சட்டத்தின் உதவியால் வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி என்பவர் 2010ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி கொலையுண்டார். கணக்குக் கேட்பது விளையாட்டுக் காரியம் அன்று என்பதற்கு அவர் வாழ்வு சான்று. மனுதாரர் வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுத்தாலே போதும் என்று 2013ஆம் ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதனினும் நல்ல பாதுகாப்பு, தனித்துச் செல்லாமல் கூடிச் செல்வது. தெருவார் சங்கமாகச் சேர்ந்து, மராத்தியரும் தமிழரும் தெலுங்கரும் ஒரே விஷயத்தைத் தனித்தனி மனுக்களாகக் கேட்டால், கேட்டவர் யார் என்ற பேச்சு பின்னே போய்விடும். கேட்கப்பட்டது என்ன என்பது முன்னே வரும்.

உறுப்பினர்களைக் கேட்டால் போதாதா என்று சிலர் வினவலாம். புனே மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நிர்வாக அதிகாரியே ஆட்சி நடத்தினார். அந்தக் காலத்தில் வரி நிற்கவில்லை, செலவும் நிற்கவில்லை, சபையில் எழுந்து கேட்க மட்டும் ஆள் இல்லை. அந்த ஆண்டுகளின் தணிக்கை ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பார்ப்பது, சபை செய்திருக்க வேண்டிய வேலையில் ஒரு சிறு பகுதியையேனும் நாம் செய்வதாகும்.

கேட்கும்போது பணிவும் வேண்டும், உறுதியும் வேண்டும். பகை தீர்த்துக்கொள்ளவோ, ஒப்பந்தக்காரரை மிரட்டிப் பணம் பறிக்கவோ இந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பவர் ஊருக்குத் தீங்கு செய்கிறார். கிடைத்த காகிதத்தைத் தெருவார் முன் வைத்துப் படித்து, விளங்காததை அறிந்தவரிடம் கேட்டு, குறை இருப்பின் எழுத்து மூலம் தெரிவித்து, குறை இல்லையெனில் அதையும் தெரிவிப்பதே முறை.

எந்த ஊரின் தண்ணீரைக் குடிக்கிறோமோ, எந்த ஊருக்கு வரி கட்டுகிறோமோ, அந்த ஊர் நம் ஊர். அதன் நலத்தில் நமக்குப் பங்கு உண்டு. அதன் கணக்கிலும் பங்கு உண்டு. இந்த ஆண்டு வரி ரசீதைப் பெட்டியில் வைக்கும்போது, சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கையைக் கேட்டு ஒரு மனுவும் எழுதி வைப்போமாக.